முதலிடம் எந்தப் பாட்டுக்கு?

எம்.எஸ்.வி.யா, ராஜாவா, ரஹ்மானா என்று ஆரம்பித்தால் பேச்சு விடிய விடிய ஓடும், முடிவு மட்டும் வராது. பாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவரவர் தங்கள் பதினெட்டு வயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதுதான் காரணம். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவருக்கு 1960-கள் பொற்காலம். டீக்கடை டேப்ரிக்கார்டரில் கேட்டவருக்கு 1980-கள். ‘ரோஜா’ கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவருக்கு 1992-க்கு முன்னால் இசையே கிடையாது. மூவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரு பாட்டைச் சொல்லுங்கள் என்றால் சண்டைதான் மிஞ்சும்.

இருந்தாலும் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்த் திரைப்பாட்டில் ஒன்றே ஒன்றுக்கு முதலிடம். தேவாரம், பாரதியார் பாட்டு, கிராமத்துத் தாலாட்டு, இந்தக் காலத்துத் தனிப்பாடல்கள் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுகிறேன்; அவற்றையும் சேர்த்தால் இந்தக் கட்டுரை முடியாது. எந்தப் பாட்டு என்பதற்கு முன்னால், எதை வைத்து அளப்பது என்று முடிவுசெய்தாக வேண்டும். அளவுகோல் மாறினால் முதலிடமும் மாறிவிடும். அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2004-இல் எக்காலத்துக்கும் சிறந்த 500 பாடல்கள் என்று பட்டியல் போட்டது. பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ முதலிடம். 2021-இல் புதிய ஆட்களைக் கேட்டு அதே பத்திரிகை மறுபடி போட்டபோது அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்துக்கு வந்தது, டிலன் நான்காவது இடத்துக்கு இறங்கினார். இடைப்பட்ட பதினேழு வருஷத்தில் இரண்டு பாட்டிலும் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை.

முதல் அளவுகோல் ஓட்டு. நமக்கு இதில் நல்ல உதாரணமே இருக்கிறது. பிபிசி உலக சேவை தன் 70-ஆம் ஆண்டையொட்டி 2002-இல் உலகம் முழுக்க நேயர்களிடம் விருப்பப் பாட்டைக் கேட்டது. முதல் பத்தில் நான்காவதாக வந்தது ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. ஐந்தாவது, திருமலை சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’, ஊரைவிட்டு நடந்துபோன மக்களைப் பற்றிய ஈழத்துப் பாட்டு. குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’க்குப் பத்தாவது இடம். முதல் இடம் அயர்லாந்தின் தேசபக்திப் பாட்டு ஒன்றுக்கு. இந்தப் பட்டியலைப் பார்த்தால் எது நல்ல இசை என்று தெரியாது. எந்த ஊர் ஜனங்கள் ரோஷத்தோடு ஓட்டுப் போட்டார்கள் என்று தெரியும். அதில் தப்பும் இல்லை. தன் மொழிப் பாட்டுக்காக ஒருவர் மெனக்கெட்டு ஓட்டுப் போடுகிறார் என்பதே அந்தப் பாட்டு அவருக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஆனால் 2002-இல் இணையம் வைத்திருந்தவர்களின் சாட்சி அது. கரும்பு வெட்டிக்கொண்டே கேட்டவர் யாரும் அதில் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது, யூட்யூப் எண்ணிக்கை. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ 2020 நவம்பரில் 100 கோடிப் பார்வையைத் தாண்டியது. தென்னிந்தியப் பாட்டுகளில் அதுதான் முதல். ‘ஒய் திஸ் கொலவெறி’ வெளியாகி ஒன்பது வருஷம் நிறைந்த அதே நாளில் இது நடந்தது என்று தனுஷ் மகிழ்ந்துபோய்ச் சொன்னார். இரண்டுமே நல்ல ஜாலியான பாட்டுகள், எனக்கும் பிடிக்கும். ஆனால் யூட்யூப் தொடங்கியதே 2005-இல். பி. சுசீலா பாட்டு ஒன்று ஐம்பது பேர் ஐம்பது விதமாக ஏற்றி, ஐம்பது துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அதன் மொத்தக் கணக்கை யார் கூட்டுவது? அப்புறம், ‘ரௌடி பேபி’யைத் திரும்பத் திரும்பப் போட்டவர்களில் பாதிப் பேர் சாய் பல்லவியின் காலைப் பார்க்கத்தான் போட்டார்கள். பிரபுதேவா அமைத்த ஆட்டத்துக்கு விழுந்த எண்ணிக்கையையும் யுவன் மெட்டுக்கு விழுந்ததையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

மூன்றாவது விருது. கேட்கக் கௌரவமாக இருக்கும், கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் ஆட்டம் காணும். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதல்முதலில் வாங்கியவர் பி. சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’ படத்தின் ‘நாளை இந்த வேளை பார்த்து’ பாட்டுக்காக. சரியான ஆளுக்குச் சரியான பாட்டு, பேச ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்ட எம்.எஸ்.வி.க்கு வாழ்நாள் முழுக்க ஒரு தேசிய விருதும் கிடைக்கவில்லை, ஒரு பத்ம விருதும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் காலையில் பாடும் ‘நீராரும் கடலுடுத்த’ அவர் போட்ட மோகன ராக மெட்டு. அதைவிட அதிகம் பேர் வாயால் பாடிய மெட்டு தமிழில் வேறு இருக்குமா என்பதே சந்தேகம். எஸ்.பி.பி. கதை இன்னும் வேடிக்கை. ஆறு தேசிய விருது வாங்கியவருக்குத் தமிழுக்காகக் கிடைத்தது ஒன்றே ஒன்று, ‘மின்சார கனவு’ படத்தின் ‘தங்கத் தாமரை மகளே’. அருமையாகப் பாடியிருக்கிறார். ஆனால் அவருடைய ரசிகர் யாரையாவது நிறுத்தி நல்ல பாட்டாகப் பத்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள், அந்தப் பத்தில் இது வருகிறதா பாருங்கள்.

நான்காவது, இசை நுட்பம். விஷயம் தெரிந்தவர்களின் அளவுகோல் இது, எனக்கும் இதன்மேல்தான் ரொம்ப நாள் பிரியம். இதில் இரண்டு பாட்டுகள் நேருக்கு நேர் நிற்கின்றன.

ஒன்று ‘சிங்காரவேலனே தேவா’. 1962, ‘கொஞ்சும் சலங்கை’. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஜெமினி கணேசன் வந்து, “ஏன் பாட்டை நிறுத்திவிட்டாய்?” என்று சாவித்திரியிடம் கேட்கும் வசனத்தைச் சேர்த்தே இன்றைக்கும் மேடையில் பாடுகிறார்கள், வசனத்தை விட்டால் கூட்டம் ஒத்துக்கொள்வதில்லை. கடைசியில் வரும் ஸ்வரக் கோவைகளில் கவனித்துக் கேளுங்கள். நாகஸ்வரம் ஒரு வரியை வாசித்ததும் குரல் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஜானகி அந்த இடத்தில் பாடுகிறாரா, ஊதுகிறாரா என்று ஒரு கணம் குழப்பம் வரும். காருகுறிச்சியார் அதற்கப்புறம் இரண்டே வருஷத்தில், 1964-இல் காலமாகிவிட்டார். நாகஸ்வரக் கச்சேரிக்கு உட்காரவே உட்காராத லட்சக்கணக்கான பேருக்கு அவர் பெயர் தெரிவது இந்தப் பாட்டால்தான்.

இன்னொன்று ‘பாடறியேன் படிப்பறியேன்’. 1985, ‘சிந்து பைரவி’. வைரமுத்து வரிகள், இளையராஜா இசை. கர்நாடக சங்கீத மேதை ஒருவரின் எதிரே நின்று, புரியாத மொழியில் பாடினால் ஜனங்களுக்கு எப்படிப் பிடிக்கும் என்று கேட்கிறாள் ஒரு பெண். கேட்டுவிட்டு நாட்டுப்புற மெட்டு ஒன்றை ஆரம்பிக்கிறாள். அது வளர்ந்து வளர்ந்து, தையல் தெரியாமல், தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய் நிற்கிறது. ஊரில் பாடுவதும் சபாவில் பாடுவதும் ஒரே ஸ்வரம்தான் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் நிரூபித்துவிட்டாள். காம்போதி ராகத்தில் பாடிவந்த கீர்த்தனையை ராஜா சாரமதி ராகத்துக்கு மாற்றியதால் சில வித்வான்களுக்குக் கோபம். வரட்டும். ஒரு வாதத்தையே மெட்டாகப் போட்டவர் தமிழில் வேறு யார்? அவருக்கும் பாடிய சித்ராவுக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. விருதுக்காரர்கள் சரியாகச் செய்த சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

நுட்பம்தான் அளவுகோல் என்றால் நான் ‘பாடறியேன்’ பக்கம். ‘சிங்காரவேலனே’யில் திறமை வெளியே தெரிகிறது, ‘பாடறியேன்’ திறமையை ஒளித்துவைத்து வேலை வாங்குகிறது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இந்த இரண்டையும் சாதாரண ஆள் ஒருவர் பாடிப் பார்க்கட்டும். பல்லவி தாண்டாது. கேட்டு வியக்க வேண்டியவை அவை. குளிக்கும்போது வாயில் வருகிறவை இல்லை. மேலே சொன்ன நாலு அளவுகோலிலுமே எனக்கு ஒரே மனக்குறைதான். ஓட்டானாலும் விருதானாலும் பாட்டோடு சேர்த்துப் படத்தையும், நடிகரையும், வாத்தியக்குழுவையும், பாடகரின் புகழையும் ஒன்றாகவே எடைபோட்டுவிடுகிறார்கள். நான் வேறு மாதிரி செய்து பார்க்கச் சொல்வேன். படத்தை எடுத்துவிடுங்கள். ஆர்க்கெஸ்ட்ராவை எடுத்துவிடுங்கள். பாடகரையும் எடுத்துவிட்டு, சுமாரான குரல் உள்ள ஒருவர் தனக்குத்தானே பாடிக்கொள்வதாக வையுங்கள். மிச்சம் என்ன நிற்கிறது?

‘ராக்கம்மா’ இதில் தடுமாறும். அந்த ஆரம்ப வயலின்களும் தாளக்கட்டும் இல்லாமல் அதை முணுமுணுத்துப் பாருங்கள், பாதி உயிர் போய்விடும். அதில் மிச்சம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று அடங்கி, ‘குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண் சிரிப்பும்’ என்று அப்பர் தேவாரம் வருகிறதே, அந்த இடம். குத்துப்பாட்டுக்கு நடுவே ஏழாம் நூற்றாண்டைக் கொண்டுவந்து வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். வைத்தும் துருத்தவில்லை. ஆனால் அந்த இடத்தின் சொல்லழகுக்கான மார்க் திருநாவுக்கரசருக்குப் போய்ச்சேர வேண்டியது.

‘சின்னச் சின்ன ஆசை’ இந்தச் சோதனையில் நன்றாகவே தேறும். 1992-இல் அதைக் கேட்டு ஜனங்கள் திகைத்தது ரஹ்மான் கொண்டுவந்த புது ஒலிக்காக. டைம் பத்திரிகை 2005-இல் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளில் ‘ரோஜா’வைச் சேர்த்ததும் அதற்காகத்தான் இருக்கும். ஒலியையெல்லாம் கழித்தாலும் மெட்டு நிற்கிறது. ஆண்டுவிழா மேடையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சுருதி தப்பிப் பாடினாலும் பாட்டு கெடுவதில்லை. வரிகளையும் பாருங்கள். சின்ன ஆசை என்று சொல்லிவிட்டு, நாற்று நட ஆசை, பிடித்த மீனை ஆற்றிலேயே திரும்ப விட ஆசை என்று அடுக்கும் பெண், நடுவில் பூமியே தன்னைச் சுற்றிவர வேண்டும் என்று ஒன்றைப் போடுகிறாள். அது சின்ன ஆசையா! வைரமுத்துவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. மின்மினியின் குரலில் அந்தப் பேராசைகூட வெள்ளந்தியாகக் கேட்கிறது.

இதை எதிர்த்து நிற்பது, ஜானகியின் நாகஸ்வரப் பாட்டு வந்த அதே 1962-இல் வெளிவந்த ‘சுமைதாங்கி’ படத்தின் ‘மயக்கமா கலக்கமா’. கண்ணதாசன் எழுதியது, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, பி.பி. ஸ்ரீநிவாஸ் குரல். விருது கிடையாது, ஆட்டம் கிடையாது, பிரமாதமான ஸ்வரக் கோவை எதுவும் கிடையாது. பல்லவியே வெறும் கேள்விகள்: மயக்கமா, கலக்கமா, குழப்பமா, நடுக்கமா. சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பவனிடம் வீட்டில் ஒருவர் வந்து, என்னப்பா உடம்புக்கு முடியவில்லையா, மனசு சரியில்லையா என்று விசாரிக்கிற தொனி. படத்தில் ஜெமினி தன்னையே பார்த்துப் பாடிக்கொள்கிறார், ஆனால் முன்னிலையில் இருப்பதால் கேட்கிறவரிடமே கேட்ட மாதிரி ஆகிவிடுகிறது. மெட்டும் அதற்குத் தக்கபடி குரல் உயர்த்தாமல் போகிறது. யாருடைய தொண்டைக்கும் எட்டுகிற ஸ்தாயி.

இந்தப் பாட்டுக்கு நான் வைத்த சோதனை ஒருமுறை நிஜமாகவே நடந்துவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, பாட்டெழுத வாய்ப்புத் தேடித் தேடி அலுத்துப்போய், இனி இந்த ஊர் வேண்டாம் என்று மூட்டைகட்டும் நிலையில் இருந்தார் வாலி. அப்போது தன்னைப் பார்க்க வந்த ஸ்ரீநிவாஸிடம் சமீபத்தில் என்ன பாடினீர்கள் என்று கேட்க, அவர் ‘மயக்கமா கலக்கமா’வைப் பாடிக் காட்ட, முடிவை மாற்றிக்கொண்டு சென்னையிலேயே தங்கிவிட்டதாக வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். படமில்லை, திரையில்லை, வயலின் ஒன்றுகூட இல்லை. ஒரு மெட்டு, சில வரிகள், அவ்வளவுதான். பாடியது சுமாரான குரல் இல்லை என்று யாராவது ஆட்சேபிக்கலாம், சரி, ஒத்துக்கொள்கிறேன். வேடிக்கை என்னவென்றால், ஊருக்குக் கிளம்பியவரைப் பிடித்து நிறுத்திக் கண்ணதாசன் தனக்கே ஒரு போட்டியாளரைச் சம்பாதித்துக்கொண்டார். சுசீலாவுக்கு விருது வாங்கித் தந்த ‘நாளை இந்த வேளை’ வாலி எழுதியது. பிபிசி பட்டியலில் நான்காவதாக வந்த ‘ராக்கம்மா’வும் வாலி எழுதியதுதான்.

‘மயக்கமா கலக்கமா’வில் எனக்கு உறுத்துகிற இடமும் இருக்கிறது. உனக்கும் கீழே இருப்பவர்களை நினைத்து நிம்மதி தேடு என்கிறார் கவிஞர். அடுத்தவர் படும் பாட்டைப் பார்த்து நாம் ஆறுதல் அடைவது என்ன நியாயம்? அந்தக் கீழே இருப்பவருக்கு இந்தப் பாட்டு என்ன சொல்லும்? ஆனால் பாட்டைக் கேட்கும் நேரத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை, மெட்டு எழவிடுவதில்லை. அந்த இடத்தில் அறிவுரை கசக்காமல் இறங்குவதற்குக் காரணம் கண்ணதாசன் பாதி, ஸ்ரீநிவாஸின் அலட்டல் இல்லாத குரல் பாதி. வேறு யாராவது உருக்கிப் பாடியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும்.

ஆக இறுதிப் போட்டி ‘சின்னச் சின்ன ஆசை’க்கும் ‘மயக்கமா கலக்கமா’வுக்கும். நான் இரண்டாவதற்குத்தான் கொடுப்பேன். ‘சின்னச் சின்ன ஆசை’ மனசு நன்றாக இருக்கும்போது கேட்கிற பாட்டு. அப்படிப்பட்ட நேரத்துக்கு நம்மிடம் பாட்டுக்குப் பஞ்சமில்லை, எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். வேலை போன அன்றைக்கு, பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்குப் போட்டுக்கேட்கிற பாட்டு ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் அறுபது வருஷம் கழித்தும் முன்வரிசையில் நிற்பது இது. ஸ்ரீநிவாஸ் யார் என்றே தெரியாத பிள்ளைகள் இதைப் பாட்டுப் போட்டிகளில் எடுத்துப் பாடுவதைப் பார்க்கிறேன்.

எந்த வேலைக்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் தெரியாத நண்பருக்கு ஒரே ஒரு பாட்டைப் போட்டுக்காட்ட வேண்டுமா? ‘மயக்கமா’ வேண்டவே வேண்டாம், வார்த்தை புரியாமல் அது வெறும் மெதுவான பாட்டு. ‘ராக்கம்மா’வைப் போடுங்கள், நல்ல ஸ்பீக்கரில். கர்நாடக சங்கீதம் மட்டுமே சங்கீதம் என்று வாதிடும் மாமாவை மடக்க வேண்டுமென்றால் ‘பாடறியேன்’. கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவின் பாடகி எப்பேர்ப்பட்டவர் என்று சோதிக்க ‘சிங்காரவேலனே’. கூடவே நாகஸ்வரக்காரரும் தயாராக இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது, கீபோர்டில் வாசித்தால் சகிக்காது.

இவ்வளவு பேசியும் இறுதிச் சுற்றில் டி.எம்.எஸ். பாட்டு ஒன்றுகூட இல்லையே என்று சிலர் கொதிக்கக்கூடும், அதுவும் அவர் பிறந்த மதுரைப் பக்கத்தில். அவருக்கு வழியை அடைப்பது என் சோதனைதான். ‘பாட்டும் நானே பாவமும் நானே’யில் சிவாஜி பல உருவாகப் பிரிந்து வீணை, குழல், மிருதங்கம் என்று வாசிக்கும்போது டி.எம்.எஸ். பாடுகிறார் என்ற நினைப்பே நமக்கு வராது, சிவாஜிதான் பாடுகிறார். அந்தக் குரலிலிருந்து அந்த முகத்தைக் கழிக்க முடியவில்லை, கழித்தால் என் கணக்கில் மார்க் குறைகிறது. குரலும் நடிப்பும் ஒன்றாகக் கரைவதுதான் திரைப்பாட்டின் உச்சம் என்று வாதிடுகிறவர்கள் என் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பாட்டுக்கே முதலிடம் கொடுக்கலாம். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் அதை எதிர்த்து நிற்க என்னிடம் வேறு பாட்டு இல்லை.